கோல்கீப்பர் சொன்ன பெயர்

முதியவர்களைப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். நோயாளியைக் கட்டிலில் எப்படிப் புரட்டுவது, மருந்தை எப்படி நேரம் பார்த்துக் கொடுப்பது என்பதெல்லாம் இதில் இராது. அவை கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் சிஞ்ஞோராமார், அதாவது வீட்டு எஜமானிமார், வரவைத்துவிடுவார்கள். பலெர்மோவில் அரைவாசி ஆயுளை இந்த வேலையில் கழித்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது வீட்டில் இருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என் கணவர் சொல்வார். அப்படிப்பட்ட நானே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்தக் கவலை இன்னும் ஆறவில்லை.

பலெர்மோவில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் ஒரு நான்காம் மாடி வீடு. எண்பதைத் தாண்டிய ஒருவர் அதில் தனியாக இருந்தார். மனைவி இறந்து வெகுகாலம். ஒரே மகள் பகேரியாவில் பள்ளிக்கூட ஆசிரியை. வேலை முடிந்து ரயிலில் வந்து தகப்பனைப் பார்த்துவிட்டு, திரும்பவும் ரயிலுக்கு ஓடுவார். மகளைச் சிஞ்ஞோரா என்றும் கிழவரை நொன்னோ என்றும் கூப்பிட்டேன். நொன்னோ என்றால் தாத்தா. இங்கே வயதானவர்கள் அந்தச் சொல்லுக்கு மயங்கிவிடுவார்கள். இவர் மட்டும் மயங்கவில்லை. “நான் உனக்குத் தாத்தா இல்லை. நான் கோல்கீப்பர்” என்றார்.

முதல்நாள் நான் வாசலில் காலை வைத்ததும் ஒரு எலுமிச்சம்பழம் முகத்துக்கு நேரே பறந்து வந்தது. பிடித்தேன். “சரி, இவள் இருக்கட்டும்” என்று மகளிடம் சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் தொடங்கினார். சமைக்கத் தெரியுமா, முந்தி எங்கே வேலை செய்தாய், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அவர் வைக்கிற பரீட்சை அதுதான் என்று பிறகு அறிந்தேன். அவரைப் பார்க்க வந்த பாதிரியார் அதில் தோற்றுப்போனார்.

எனக்குக் கால்பந்து என்றால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை என் தம்பிமார் உடைக்கப் பயன்படுத்திய சாமான், அவ்வளவுதான். ஆனாலும் ஒருவர் வீட்டில் இருந்து வேலை செய்யும்போது அவருடைய தொழிலும் நமக்குள் ஒட்டிக்கொள்கிறது. அவர் உருகுவே நாட்டுக்காரர். மொந்தெவிதேயோ நகரத்தில், இறைச்சி பதனிடும் தொழிற்சாலையில், மீசை முளைக்குமுன் வேலைக்குச் சேர்ந்தவர். தொழிற்சாலை அணியின் கோல்கீப்பர் ஒருநாள் குடிவெறியில் கிடந்ததால், உயரமாக இருக்கிறாய், நீ நில் என்று இவரைப் பிடித்து நிறுத்தினார்களாம். அங்கிருந்து ஒரு சின்னக் கழகத்துக்குப் போனார். கையுறை கிடையாது. மழையில் நனைந்த தோல்பந்து கல்லுக் கணக்காக வரும், அதன் நாடா முகத்தைக் கிழிக்கும். பாட்டனார் இத்தாலியிலிருந்து போனவர் என்பதால், ஐம்பதுகளில் ஒரு தரகர் அவரைப் பார்த்து ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார். இந்தத் தீவில் ஒரு நல்ல அணிக்குச் சில பருவங்கள் ஆடினார். பிறகு தோள்மூட்டு விலகியது. மண் மைதானங்களில் சின்ன அணிகளுக்கு ஆடினார். கடைசியில் மாமனாரின் இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தார். இதுதான் அவருடைய உத்தியோகம் முழுவதும். பந்தைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் ஒரே குரலில்தான் கதைப்பார்.

அந்தத் தொழிலிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரு புத்தியைச் சொல்கிறேன். ஒருநாள் மத்தியானம் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோராவின் டெலிபோன் வந்தது. எடுத்துவிட்டுத் திரும்பினால் தாச்சியில் நெருப்பு, அது திரைச்சேலையிலும் பிடித்துவிட்டது. நொன்னோ கதிரையில், பக்கத்து அறையில். நான் சமையலறைக் கதவில் நின்று தாச்சியைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன், திரும்பவும் தாச்சியைப் பார்க்கிறேன். கால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அவர் இருந்த இடத்திலிருந்தே உறுக்கினார்: “பாதி வழியில நிக்காதை. வந்தால் முழுசா வா, இல்லாட்டி கோட்டிலையே நில்லு.” அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நெருப்பை விட்டுவிட்டு அவரைக் கதிரையோடு இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். திரைச்சேலையும் ஒரு அலுமாரியும் எரிந்தன. கோல்கீப்பர் தப்பித்தவறிக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் அகப்பட்டால் எந்தப் பந்தும் தலைக்கு மேலால் போகுமாம். நமது வேலையிலும் பெரிய பிழைகள் நடப்பது நடுவில் நிற்கும்போதுதான்.

சிஞ்ஞோரா தகப்பனைப் பற்றி யாரிடமும் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று இருந்தது. என்னிடமும் வந்த வாரமே சொன்னார். மொந்தெவிதேயோவில் அவர் ஆடிய கடைசி ஆட்டம். தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். சொந்த அணியில் ஒரு பின்காவல்காரன் எதிரிகளுக்கு விலைபோய், பந்தை வேண்டுமென்றே விட்டுவிட்டான். “அப்பா அவ்வளவு பாடுபட்டும் ஒரு துரோகியால தோத்தது” என்பார் சிஞ்ஞோரா. தாயிடமிருந்து கேட்ட கதை அது. இந்தக் கதை தொடங்கினால் நொன்னோ தண்ணீர் கேட்பார். நான் கொண்டுவந்தால் குடிக்கமாட்டார். கிழவருக்குத் தன் புகழைக் கேட்கக் கூச்சம் என்று நினைத்தேன்.

ஒரு கோடைகாலத் தொடக்கத்தில் குளியலறையில் அவர் சறுக்கினார். நான் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் இல்லை, என் வலது மணிக்கட்டில்தான் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கு அப்போது பெர்மேசோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம், குவெஸ்துராவில், அதாவது பொலிஸ் அலுவலகத்தில், வேலை ஒப்பந்தத்தைக் காட்டவேண்டும். கையுடைந்தவளை எந்தச் சிஞ்ஞோரா வைத்திருப்பாள் என்பது நமக்கெல்லாம் உள்ள பயம். வலியை மென்று விழுங்கிக்கொண்டு இடது கையால் எல்லாம் செய்தேன். சிஞ்ஞோரா கவனிக்கவில்லை.

ஒரு பின்னேரம் நான் மருந்தோடு உள்ளே போக, எலுமிச்சம்பழம் வந்தது. அதுவும் வலது பக்கமாக வந்தது. கை எழும்பவில்லை. பழம் சுவரில் பட்டு உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது.

“கையைக் காட்டு” என்றார்.

“ஒண்டுமில்லை நொன்னோ, சுளுக்கு.”

“கோல்கீப்பருக்குக் கையைப் பற்றிப் பொய் சொல்லாதை. எத்தினை நாளா?”

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தன் இடது கையை மேசைமேல் விரித்து வைத்தார். நடுவிரலும் அதற்கடுத்த விரலும் ஒன்றையொன்று பார்த்துக் கோணியிருந்தன. வயதுக் கோளாறு என்று நான் நினைத்திருந்த விரல்கள்தான். அவர் பாதி இத்தாலியனிலும் பாதி ஸ்பானிஷிலுமாகச் சொன்னதை நான் எனது தமிழில் சொல்கிறேன்.

“அந்தக் கடைசி ஆட்டத்தில, முதல் பாதியில, ஒருத்தன் பூட்சால மிதிச்சு இந்த ரெண்டும் முறிஞ்சது. அந்தக் காலத்தில மாற்று ஆள் இறக்கேலாது. நான் சொல்லியிருந்தால், முன்வரிசை ஆட்டக்காரன் ஒருத்தன் என்ரை மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு கோலுக்கை நிண்டிருப்பான். நான் ஓரத்தில சும்மா ஆளுக்கு நிண்டிருப்பன். இத்தாலித் தரகர் அண்டைக்கு மேலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். கையுடைஞ்ச கோல்கீப்பரை ஆர் கப்பலேத்துவான்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

பிறகு நடந்ததைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் எடுத்தது. இரண்டாம் பாதியில் ஒரு பந்து கோலுக்கு முன்னால் வந்தது. அங்கே நின்ற பின்காவல்காரன், தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்த அவருடைய கூட்டாளி. அந்த ஆள் ஒரு உதையில் வெளியே அடித்திருக்கலாம். இவர் பின்னாலிருந்து ‘எனக்கு விடு’ என்று கத்தினார். கோல்கீப்பர் கத்தினால் பின்காவல்காரன் ஒதுங்கவேண்டும், அதுதான் ஒழுங்கு. அவர் நம்பி ஒதுங்கினார். பந்து இவருடைய முறிந்த விரல்களுக்கிடையால் உள்ளே போனது.

“பார்க்க வந்த சனத்துக்கு என்ரை குரல் கேக்கேல்லை. அவன் ஒதுங்கினது மட்டும்தான் தெரிஞ்சுது. விலைபோயிட்டான் எண்டு கத்தத் தொடங்கிச்சினம்.”

கழகம் அந்தக் கூட்டாளியைத் துரத்திவிட்டது. தொழிற்சாலையில் யாரும் அவரோடு ஒரே வாங்கில் இருந்து சாப்பிடவில்லை. கடைசியில் பெண்சாதி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

“போறதுக்கு முதல் வந்து ஒண்டே ஒண்டுதான் கேட்டவன். ‘நீ கத்தினனி தானே?’ எண்டு. நான் ‘இல்லை’ எண்டன். அடுத்த கிழமை கப்பல்.”

அந்த ‘இல்லை’யைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இந்த வீடு, அந்த ஒப்பந்தம், சிஞ்ஞோராவின் பெருமை எல்லாம் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது என்று தோன்றியது. அதே நேரம் என் கையை ஒளித்துக்கொண்டுதானே நானும் எதிரில் இருக்கிறேன் என்பதும் தெரிந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மனிதர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் பிள்ளைகளிடம், உண்மையைச் சொல்லவேண்டும். அதுகள் இத்தனை வருடமாகத் துரோகியின் பிள்ளைகளாக வளர்ந்திருக்கும் என்றார்.

நான் உடனே டெலிபோனை எடுத்தேன். “பேரைச் சொல்லுங்கோ, இப்பவே தேடுவம்.”

“அதுதான் உன்னட்டைப் பேர் சொல்ல மாட்டன். நீ கையை மறந்திட்டுத் தேடத் தொடங்கிவிடுவாய். முதல்லை மகளுக்குக் கையைச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போ. திரும்பி வந்தாப் பிறகு பேரைச் சொல்லுறன், நீ எடுத்துத் தா, நான் கதைக்கிறன், எனக்குக் கேக்காட்டிலும் அவனுக்குக் கேட்டால் போதும். அவனுக்குச் சொன்ன பிறகுதான் மகளுக்குச் சொல்லுறது. அதுவரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது.”

நான் சம்மதித்தேன். அன்றைக்கே சிஞ்ஞோராவிடம் கையைக் காட்டினேன். அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஏன் முதலே சொல்லவில்லை என்று ஏசினார், அவ்வளவுதான். குவெஸ்துராவுக்கும் கடிதம் எழுதித் தந்தார். நமது பயம் எல்லாச் சிஞ்ஞோராமாரையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறது.

எனக்குப் பதிலாக ஒரு தம்பியைப் பிடித்து விட்டோம். தம்பி என்றாலும் நாற்பது வயது, முல்லைத்தீவில் மூன்று பிள்ளைகளின் தகப்பன். சண்டைக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவர்களில் ஒருவர். பலெர்மோவுக்கு வந்து சில மாதங்கள்தான். நல்ல மனம், பலமான கை, எலுமிச்சம்பழத்தை இரண்டாம் தரமே பிடித்துவிட்டாராம். மொழிதான் இல்லை. யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு “ஸீ, ஸீ” என்பார். ஆமாம் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்கினோம். விளங்கவில்லை என்று சொன்னால் வேலைக்கு உதவாதவன் என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான்.

எனக்கு மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். அது புண் பிடித்து, நினைத்ததைவிட நீண்டநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நொன்னோவுக்கு டெலிபோனில் காது கேட்காது. தம்பியிடம் கேட்டால் “நல்லா இருக்கிறார் அக்கா” என்பார். நான் கையில் கட்டோடு அந்த வீட்டுக்குத் திரும்பிய நாள், கிழவர் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டொரு நாள் ஆகியிருந்தது. பக்கவாதம். பேச்சு முழுதாகப் போய்விட்டது. சொல்வது விளங்குகிறதா என்பதும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். கண் என்மேல் நின்றது, வேறொன்றும் இல்லை.

தம்பியைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“பக்கவாதம் வர முதல் ஏதும் சொன்னவரோ?”

“ஓம் அக்கா. அதுக்கு முதல்நாள் விடியவே கையால கரண்டி விழுந்தது. மத்தியானம் என்னைப் பக்கத்தில இருத்திவைச்சுக் கனநேரம் கதைச்சவர். அழுதவர். நெஞ்சில அடிச்சவர்.”

“நீர் என்ன செய்தனீர்?”

“ஸீ எண்டு சொன்னன். அவருக்குச் சந்தோசம். என்ரை கையைப் பிடிச்சுக் கொஞ்சினவர்.”

“ஆற்றையும் பேர் சொன்னவரோ? வடிவா யோசியும்.”

“சொன்னவர். ஒரே பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னவர். என்னையும் சொல்லச் சொன்னவர், நானும் சொன்னன். இப்ப வருகுதில்லை அக்கா.” பிறகு ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார்: “டெலிபோனைக் காட்டிக் காட்டிக் கேட்டவர். நான் எடுத்து சார்ஜ் போட்டுக் குடுத்தனான்.”

“எனக்கு ஒரு டெலிபோன் எடுத்திருக்கலாமே” என்றேன்.

“நீங்கள் ஆஸ்பத்திரியில கிடந்தனீங்கள். ஏன் கரைச்சல் தருவான் எண்டு விட்டிட்டன்.”

நான் அவரை ஏசவில்லை. ஏச வாய் வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். என்ன நடந்தது என்று விளக்கியபோது அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். காலையில் கரண்டி விழுந்தபோது கிழவருக்குத் தெரிந்திருக்கும், நான் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று. அறுபது வருடம் சொல்லாததைச் சொல்லி முடித்துவிட்டார். எதிரில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். விஷயம் சரியான கைக்குப் போய்விட்டது என்ற நம்பிக்கையோடுதான் அவர் அன்றைக்குப் படுத்திருப்பார். எனக்கு அதை நினைத்தால் ஒரு பக்கம் ஆறுதல், மறுபக்கம் நெஞ்சு எரியும்.

அந்தக் கழகம் கலைந்து வெகுகாலம், தொழிற்சாலையும் மூடிவிட்டார்களாம். என் மருமகள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். அந்தச் சின்னக் கழகத்தின் பெயருக்குமேல் ஒன்றும் அகப்படவில்லை. ஸ்பானிஷ்காரர் வைக்கிற பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் நொன்னோவின் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வந்தது. எந்தப் பெயருக்கு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மழைகாலம் தொடங்க முன் இறந்துவிட்டார்.

செத்தவீட்டுக்குப் பழைய ரசிகர்கள் சிலர் வந்திருந்தார்கள், எல்லோரும் கைத்தடிக்காரர்கள். சிஞ்ஞோரா அவர்களுக்கு அந்தக் கடைசி ஆட்டத்தின் கதையைச் சொன்னார். துரோகி என்ற சொல் வந்தபோது நான் காப்பித் தட்டோடு நின்றேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. எட்டுநாள் கழிந்ததும் சிஞ்ஞோராவைத் தனியே இருத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, “அப்பா கடைசியில் மருந்தால் குழம்பிப்போயிருந்தார்” என்றார். நான் ஒருத்தி சொல்வதை நம்பித் தகப்பனை மாற்றிக்கொள்ள எந்த மகளுக்குத்தான் மனம் வரும்? நானும் விட்டுவிட்டேன்.

அந்தத் தம்பி இப்போது வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் இருக்கிறார். இத்தாலியன் நன்றாகப் பேசுவார், சிசிலிக்காரரின் வசவு உட்பட. போன வருடம் ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் எனக்கு டெலிபோன் எடுத்தார்.

“அக்கா, இப்ப இஞ்சை ஒரு பெடியன் கிளாஸ் தட்டத்தைப் போட்டு உடைச்சுப்போட்டான். முதலாளி வேறை ஒருத்தனைப் போட்டு ஏசினார். அப்ப உடைச்சவன் முன்னுக்கு வந்து சொன்னான், ‘நொன் எ ஸ்தாத்தோ லூயி’ எண்டு. அது அவன் இல்லை எண்டு. அக்கா, நொன்னோ அண்டைக்கு நெஞ்சில அடிச்சு அடிச்சுச் சொன்னது அதைத்தான். அந்தச் சத்தம் அப்பிடியே என்ரை காதில கிடந்திருக்கு. ‘அது அவன் இல்லை. நான் கத்தினனான். பிள்ளையளுக்குச் சொல்லு.’ இப்ப எல்லாம் விளங்குது.”

“பேர்?” என்றேன்.

பின்னால் பாத்திரங்கள் விழும் சத்தம் கேட்டது. மற்றதெல்லாம் அவர் மொழியைப் படித்தபோது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டது. பெயருக்குப் படிப்பதற்கு ஒன்றும் இல்லை, அது வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ரயிலில் பகேரியாவுக்குப் போனோம். சிஞ்ஞோரா ஓய்வுபெற்றிருந்தார். தலை நரைத்து, தகப்பனின் முகச்சாயல் வந்திருந்தது. தம்பி தன் இத்தாலியனில், ஒரு சொல்லும் தடுக்காமல், அன்றைய மத்தியானத்தை முழுதாகச் சொன்னார். நான் நடுவில் மூக்கை நுழைக்கவில்லை. சிஞ்ஞோரா இந்த முறை என் கையைத் தட்டிக்கொடுக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்தார். முகத்தைத் துடைத்தார். மேசையில் கிடந்த பேனையையும் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பக்கம் இழுத்தார்.

“உருகுவேயில் பத்திரிகைகள் இருக்கின்றன. நான் எழுதுகிறேன். அவருடைய பிள்ளைகளை எப்படியும் கண்டுபிடிக்கலாம்” என்றார். “அந்த மனிதரின் பெயர் என்ன?”

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.